என் நாத்தனாரை யாரோ நினைத்துக்கொண்டே இருந்தார்கள்

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் புரையேறினால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். யார் என்றுதான் கேட்பார்கள். யாரோ நினைக்கிறார்கள், அதனால் இருமல் வருகிறது, ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. உச்சந்தலையில் நாலு தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், அத்தோடு சிகிச்சை முற்றும். எல்லா வீட்டிலும் விளையாட்டாகச் சொல்வதுதான். எங்கள் வீட்டில் அதைத் தனித் துறையாகவே வளர்த்து வைத்திருந்தார்கள். துறைத் தலைவர் என் மாமியார்.

என் நாத்தனாருக்கு வேளை தவறாமல் புரையேறும். அப்படியானால் அவளை எத்தனை பேர் நினைத்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தேர்தலில் நின்றிருந்தால் மற்றவர்களின் டெபாசிட் போகும்படி ஜெயித்திருப்பாள். காலையில் இருமினால் பெரியப்பா மகள் நினைக்கிறாள். மதியம் இருமினால் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நிரந்தர ஆள் உண்டு. பெண்ணைப் பார்த்துவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பி இன்றுவரை தகவல் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார்.

"இப்ப வருத்தப்படுறாங்க போல" என்பார் மாமியார், மகளின் தலையில் தட்டிக்கொண்டே. அவர்கள் இன்னும் நன்றாக வருத்தப்படட்டும் என்பதுபோலக் கூடவே ஓங்கி ஒரு தட்டு விழும்.

நாத்தனாருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் பாப்பா. முப்பதைத் தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் பாப்பாதான்.

தெருமுனையில் இருக்கும் ஆல்ட்டரேஷன் கடையில் அவளுக்கு வேலை. புதுத்துணி தைக்கிற கடை இல்லை அது. பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது, இவ்வளவுதான். "வாங்கும்போது சரியாத்தாங்க இருந்துச்சு, துணி சுருங்கிடுச்சு" என்று தொப்பையைத் தடவிக்கொண்டு சொல்பவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதுதான் அங்கே தொழில் ரகசியம். பாப்பாவுக்கு அது கூடுதல் சிரமம். விழுந்து விழுந்து சிரித்தேன் என்று நாமெல்லாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம். அவள் நிஜமாகவே விழுவாள். நல்ல சிரிப்பு வந்தால் கழுத்து தொங்கிப்போகும், முழங்கால் மடங்கிவிடும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொள்வாள்.

இதற்கு வீட்டில் விளக்கம் இருந்தது. வெள்ளை மனசு. மனசு வெள்ளையாக இருப்பவர்களுக்குச் சிரிப்பைத் தாங்க முடியாதாம். இன்னொன்றும் உண்டு. அவளுக்குக் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்க்க வராது. தரையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையையே குனிய வேண்டும். அதனால் படியிறங்கும்போது தடுமாறுவாள். இதற்கு விளக்கம், திமிர். பேச்சும் கொஞ்சம் குழறும். அதற்கு விளக்கம், செல்லம். ஒரே பெண்ணிடம் வெள்ளை மனசும் திமிரும் செல்லமும் எப்படி ஒன்றாகக் குடியிருக்கின்றன என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கு வந்தது. ஆனால் நான் மருமகள். அங்கே என் சந்தேகத்துக்கு ஓட்டுரிமை கிடையாது.

எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நாள் முழுக்கப் பேச வேண்டியதையெல்லாம் அதற்கென்றே சேர்த்து வைத்திருப்பார்கள். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதென்றாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்க வேண்டும் அவருக்கு. என் வீட்டுக்காரர் பழைய கார் விற்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். அவர் சொல்லும் எதிலும் பாதி வண்டி, பாதி பெயிண்ட். மாமியார் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்வார். நான் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் போனில் புகார் எடுக்கிறவள், எனவே அன்றைக்கு யார் யார் என்ன பாஷையில் திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவேன். இவ்வளவுக்கும் மேலே டிவி வேறு, தன்னையும் யாராவது கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கத்திக்கொண்டிருக்கும்.

எல்லோரும் பேசி மூச்சு வாங்குகிற இடத்தில் பாப்பா நிதானமாக, குழறலாக ஒரு வரி சொல்வாள். மேஜையே அதிரும். மொத்த ராத்திரிக்கும் அந்த ஒரு வரிதான் தேறும். மற்றதெல்லாம் இரைச்சல்.

அவளும் அந்த மேஜைக்காகத்தான் உயிரை வைத்திருந்தாள். ஆனால் அங்கேதான் அவளுக்கு ஒரு வாய் ஒழுங்காக இறங்காது. தட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு சாப்பிட ஆரம்பிப்பாள். மாமியாருக்குப் பொறுக்காது.

"என்னடி இது, மாடு மேயிற மாதிரி. நிமிந்து உக்காந்து சாப்பிடு. நாலு பேர் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

பாப்பா நிமிர்வாள். நிமிர்ந்த மறு நிமிஷம் புரையேறும். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி போய், எந்த நாலு பேர் நினைக்கிறார்கள் என்ற ஆராய்ச்சி தொடங்கும்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் ஆல்ட்டரேஷன் கடைக்கார அக்கா, மாமியாரைத் தெருவில் பார்த்து நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தாள். அந்த அக்கா பொதுவாகப் பேசுகிற ஆளே இல்லை. வாயில் எப்போதும் குண்டூசி கடித்துக்கொண்டிருப்பாள், வாயைத் திறந்தால் கொட்டிவிடும். அன்றைக்குப் பார்த்து வாய் காலியாக இருந்திருக்கிறது.

"உங்க பொண்ணு என்னங்க, அவ்வளவு பொறுமையா, சுத்தமா சாப்பிடுது. ஒரு பருக்கை கீழ விழாது."

மாமியாருக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒவ்வொரு வாய்க்கும் இருமுகிறவள் கடையில் சுத்தமாகச் சாப்பிடுகிறாளாமே. மறுநாள் மதியம் அவர் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குப் போனார். வாங்க ஒன்றும் இல்லை. சோப்பு விலை, பேஸ்ட் விலை, பல்செட்டுக்குப் போடும் பொடியின் விலை எல்லாம் விசாரித்துக்கொண்டே, கண்ணாடி வழியாக எதிர்க்கடையில் மகள் சாப்பிடுவதை முழுசாகப் பார்த்துவிட்டு வந்தார். போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவர், எங்கள் வீட்டில் வந்து வீணாகிவிட்டார்.

"கண்ணால பாத்துட்டு வந்தேன்" என்று அன்று மேஜையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. "மிஷின்ல உக்காந்தபடியே டப்பாவ வழிச்சு வழிச்சு சாப்பிடுறா. ஒரு இருமல் இல்ல, ஒரு செருமல் இல்ல. வீட்டுச் சாப்பாடுன்னா மட்டும் அடைக்குதாம்."

"ரெண்டும் நீ சமைச்சதுதானே?" என்றார் மாமனார்.

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"கவனிக்கணும்னு பண்றாம்மா, விடு" என்றார் என் வீட்டுக்காரர், வண்டியில் கோளாறு என்று வந்தவரிடம் சொல்லும் அதே குரலில். மாமனார் தன் அனுபவத்தைச் சொன்னார். டிக்கெட் எடுக்காதவன் தூங்குகிற மாதிரி நடிப்பதை அவர் நிறையப் பார்த்தவராம்.

பாப்பா தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கி, பிறகு நடுவில் கொண்டுவந்து, மறுபடி ஒதுக்கினாள்.

"நடிக்கிறவ கண்ணுல அவ்வளவு பயம் வராது அத்தை" என்றேன் நான். "இருமும்போது அவ மொகத்த ஒரு தடவ பாருங்க."

"உனக்கு என்னம்மா தெரியும்? நீ வெளியேருந்து வந்தவ" என்றார் மாமியார். கல்யாணமாகி அந்த வீட்டு அழுக்குத் துணியெல்லாம் எனக்கு அத்துப்படி. இருந்தாலும் வாசலிலேயே நிற்கிறேன் போலிருக்கிறது.

கைகழுவும் இடத்தில் பாப்பாவைப் பிடித்தேன். எனக்கும் விளங்கவில்லைதான். ஆனால் அவள் மெலிந்துகொண்டே வந்தாள், ரவிக்கையைத் தானே பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், அது என் கண்ணில் பட்டிருந்தது.

"கடையில நல்லா எறங்குதுன்னா அங்கயே ரெண்டு வேளையும் முடிச்சுட்டு வாயேன். எதுக்கு இங்க வந்து கஷ்டப்படுற?"

"அங்க யாரும் பேச மாட்டாங்க அண்ணி" என்றாள். "அக்கா வாயில ஊசி. சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இருக்காது."

இதுதான் அவள் பிரச்சினை. அவளுக்கு வேண்டியது அந்த மேஜையில் ஓர் இடம், அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு வரி. அந்த மேஜையோ அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் வீட்டுக்காரர், வண்டி வாங்கியவர் கதவைத் திறக்கக் கதவு கையோடு வந்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை எப்படிச் சமாளித்தார் என்பதுதான் கதையின் வீரம். எல்லோரும் ஓய்ந்ததும் பாப்பா சொன்னாள்.

"காத்தோட்டமான வண்டின்னு... இன்னும் கொஞ்சம் கூட கேட்டிருக்கலாம்ண்ணா."

மாமனார் மேஜையைக் குத்திச் சிரித்தார். நான் சிரித்தேன். அவளும் தன் வரிக்குத் தானே சிரித்தாள், வாயில் சோறு இருந்தது. கழுத்து தொங்கியது. நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து என் மடியில் விழுந்தாள். இருமக்கூட அவளால் முடியவில்லை, தொண்டையில் ஏதோ களுக் களுக்கென்றது. உதடு நீலம் பாரித்தது.

எங்கள் வீட்டு முதலுதவிப் படை பாய்ந்து வந்தது. மாமனார் தலையில் தட்டினார். வீட்டுக்காரர் முதுகில் அடித்தார். மாமியார் என் கையைத் தள்ளிவிட்டு மகளின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினார். அவ்வளவு பிரியமாக ஊற்றினார். பிறகு எப்படியோ இருமல் வந்து, சோறு வெளியே வந்து, மூச்சு திரும்பியது. அதற்கு நாங்கள் யாரும் காரணம் இல்லை.

"யாரோ ரொம்பப் பலமா நெனைச்சிருக்காங்க" என்றார் மாமியார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மறுநாளே காய்ச்சல் கொதித்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் சோறும் தண்ணீரும் போய்ச் சளி கட்டியிருக்கிறது, இது முதல் தடவை போலத் தெரியவில்லை, வெகுநாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒருவர், காய்ச்சல் தணிந்த பிறகு பாப்பா கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாப்பா வழக்கம்போல முழுத் தலையையும் குனிந்து தேடினாள். டாக்டரம்மா தன் பேனாவை அவள் முகத்துக்கு நேரே மேலும் கீழும் ஆட்டினார். கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். கண் கீழே வரவில்லை.

"சிரிச்சா கீழ விழுவாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர், வெள்ளை மனசு" என்றார் மாமியார் பெருமையாக.

"பேச்சு எப்பலேருந்து இப்படி?"

"அது செல்லம்."

டாக்டரம்மா எங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நோயின் அடையாளங்களை இவ்வளவு அன்போடு பாதுகாத்து வைத்திருந்த குடும்பத்தை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

ரத்தம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்கள். முடிவு வர வெகுநாள் ஆயிற்று. அபூர்வமான பரம்பரை வியாதியாம். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் சேரும் கொழுப்பை வெளியேற்றத் தெரியாமல் சேர்த்து வைத்துக்கொள்கிறது, நாளாக ஆக மூளையில் கண்ணை ஆட்டுகிற இடம், நாக்கை ஆட்டுகிற இடம், விழுங்க வைக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகிறது. மெதுவாக்க மாத்திரை உண்டு, நிறுத்த இல்லை. குப்பையை அள்ளாத தெரு கடைசியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில்தான் அந்தப் புகாரை எடுக்கிறார்கள்.

பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியாரும் மாமனாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது" என்றார் மாமியார்.

"அப்ப எங்க வம்சத்துலயா? எங்கப்பா கடைசி வரைக்கும் கடலைய கடிச்சு சாப்பிட்டாரு" என்றார் மாமனார்.

"ரெண்டு பேரும் பாதிப் பாதி குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "ஒருத்தர்கிட்டேருந்து மட்டும் வந்திருந்தா நோய் வந்திருக்காது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு குடும்பமும் சரிபாதியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் போல. யார் மேலும் தப்பில்லை என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் சண்டை போட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு, விழுங்குவதற்கென்றே இருக்கும் ஒரு நிபுணரிடம் எங்களை அனுப்பினார்கள். "விழுங்குறதுக்குன்னு தனியா ஒரு டாக்டரா?" என்று மாமனார் கேட்டார். அதிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் விழுங்கு டாக்டர் என்றே பெயர். அவர் பாப்பாவுக்கு வெள்ளையாக ஏதோ கலந்த உணவைக் கொடுத்து, அது தொண்டையில் போவதை எக்ஸ்ரேயில் சினிமா மாதிரி ஓடவிட்டுக் காட்டினார். முதலில் நிமிர்ந்து விழுங்கச் சொன்னார். படத்தில் அந்த உணவு கருப்பாகத் தெரிந்தது, அதில் ஒரு கோடு பிரிந்து மூச்சுக்குழாய்க்குள் நழுவியது. அடுத்து முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து விழுங்கச் சொன்னார். கோடு ஒழுங்காக இரைப்பைப் பக்கம் போனது.

"அவங்க தொண்டை மூட வேண்டிய நேரத்துல மூடறதில்ல, கொஞ்சம் லேட்டாகுது" என்றார். "தலைய குனிஞ்சா வழி சின்னதாகும், கொஞ்சம் தப்பிக்கலாம். தண்ணிதான் இருக்கறதுலயே மோசம், ரொம்ப வேகமா ஓடிடும். அதுக்கு மாவு கலந்து கெட்டியாக்கித்தான் குடுக்கணும். சாப்பிடும்போது பேசக் கூடாது. சிரிக்கவே கூடாது. டிவி வேண்டாம். நிதானமா, ஒரு வாய்க்கு ரெண்டு தரம் விழுங்கணும். புரையேறினா தலைய நிமித்தாதீங்க, தண்ணி குடுக்காதீங்க, அவங்களே இருமட்டும். வீட்டுல எப்படி சாப்பிடுவாங்க?"

எங்கள் குடும்பம் முழுக்க அங்கே இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தையல் கடையில சாப்பிடுறா டாக்டர்" என்றேன் நான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மிஷின் முன்னாடி, ஊசியப் பாக்குற மாதிரி தலைய தொங்கப் போட்டுட்டு. பக்கத்துல இருக்கறவங்க வாயில குண்டூசி, பேச்சே கெடையாது. அங்க ஒரு தடவகூட அடைச்சதில்ல."

"அப்படிச் சாப்பிட்டதாலதான் இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சிருக்காங்க" என்றார் விழுங்கு டாக்டர்.

நிறுத்தி வைத்த எக்ஸ்ரே படத்தையே மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நடிக்கல" என்றார், யாரிடம் என்றில்லாமல். வெளியே வந்து நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் கையைப் பிடித்தார். "நான்தாம்மா நிமிந்து உக்காருன்னேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன்." அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கிண்டலாக ஒன்றும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

வீட்டில் புதிய ஆட்சி அமலுக்கு வந்தது. டிவி துணி போர்த்தி மூடப்பட்டது. மேஜையில் வாய் திறந்தால் மாமியார் ஒரு பார்வை பார்ப்பார், போதும். மாமனார் பேச முடியாத துக்கத்தில் பழைய தொழிலுக்குத் திரும்பினார். டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இன்னும் பரிமாறாதே. இரட்டைத் தட்டு, போலாம் ரைட். பாப்பா மட்டும் குனிந்து சாப்பிட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று மாமியார் எல்லோரையும் குனிந்து சாப்பிடச் சொன்னார். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், தட்டுக்குள் எதையோ தொலைத்துவிட்டுக் குடும்பமே தேடுகிறது என்று நினைத்திருப்பார்.

பலன் இருந்தது. இருமல் குறைந்தது, காய்ச்சல் வரவில்லை, பாப்பா கொஞ்சம் தேறினாள். மறுபடி கடைக்கும் போனாள். ஆனால் அந்த ஒரு வரி போய்விட்டது. அவள் ஒரு வாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் ஐந்து வாய் முடித்துவிடுவோம். பேச்சும் இல்லாததால் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். கடைசியில் பெரிய மேஜையில் அவளும் ஒரு கிண்ணமும் மட்டும் மிஞ்சுவார்கள். கடைக்கார அக்காவே தேவலை, அவளாவது ஊசியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நோய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சோறு போய்க் கூழாயிற்று, கூழும் இறங்க நேரம் பிடித்தது. மறுபடி ஒருமுறை ஆஸ்பத்திரி. விழுங்கு டாக்டர் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், உணவு நேராக இரைப்பைக்குப் போகட்டும், நாக்குக்கு ருசி காட்ட ஒரு ஸ்பூன், அரை ஸ்பூன் வேண்டுமானால் கொடுக்கலாம் என்றார்.

மாமியார் அந்த அறையிலேயே எழுந்து நின்றுவிட்டார். "வாய்னு ஒண்ணு இருக்கும்போது வயித்துல எதுக்கு டாக்டர் ஓட்டை? எம் பொண்ணு வாயாலதான் சாப்பிடுவா. எவ்வளவு நேரமானாலும் நான் ஊட்டுறேன்."

ஊட்டினார். சொன்னால் சொன்னதைச் செய்கிற பெண்மணி. காலைச் சாப்பாடு முடிவதற்குள் மதியச் சாப்பாடு வந்து வரிசையில் நின்றது. பாப்பா கடைக்குப் போவது நின்றது, சாப்பிடுவதே முழுநேர வேலையாகிவிட்டது. ஸ்பூனை நீட்டியபடி அம்மாவும், முகவாயை நெஞ்சில் வைத்தபடி மகளும், இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்கள். வாயால் சாப்பிடுகிற பெருமை அப்படி. யாராவது இதை நிறுத்த மாட்டார்களா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நிறுத்தியது பாப்பாதான். ஒரு மதியம் ஸ்பூனைக் கையால் மெதுவாகத் தள்ளினாள். அவள் பேச்சு அப்போது ரொம்பவே குழறிப்போயிருந்தது, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

"எனக்கு இருக்கறது ஒரு வாய்தாம்மா. அத சோத்துக்குக் குடுத்தா பேச்சு போயிடுது. எனக்குப் பேச்சுதான் வேணும். சோறு... வேற வழியில போகட்டும்."

மாமியார் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். மகளின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்றார்.

குழாய் வைத்துக் காயமெல்லாம் ஆறிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பாப்பாவின் உணவுப் பையை ஜன்னல் கொக்கியில் மாட்டி, குழாயை நான் இணைத்தேன். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் பல வருஷத்து ஆசை நிறைவேறிவிட்டது. நாங்கள் எல்லோரும் பழக்க தோஷத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டோம். மாமனார் டம்ளரில் ஒரு தட்டு தட்டினார்.

பாப்பா எங்கள் உச்சந்தலைகளை வரிசையாகப் பார்த்தாள்.

"யாராவது... செத்துட்டாங்களா?" என்றாள்.

மாமனார்தான் முதலில் வெடித்தார், அடக்கி வைத்திருந்த அத்தனை மாதத்துச் சத்தத்தையும் சேர்த்து. அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஒரு வண்டிக் கதையை எடுத்தார், பாதியில் நான் என் புகார்தாரர்களைக் கொண்டுவந்தேன், மாமனார் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி உப்பு கேட்டார். பாப்பா சிரித்தாள். கழுத்து தொங்கியது, வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார், வாயில் ஒன்றும் இல்லை, யாரும் பயப்படவில்லை. பையிலிருந்து அவள் சாப்பாடு தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதற்குச் சட்டப்படி அனுமதி உள்ள ஒரே ஆள் இப்போது அவள்தான்.

மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டார். புரையேறிவிட்டது. கண் பிதுங்க இருமினார். கை தண்ணீர் டம்ளருக்குப் போய், அங்கிருந்து வெறுமனே திரும்பியது. தலையில் தட்ட யாரும் எழவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம்.

"யாரோ... நெனைக்கிறாங்கம்மா" என்றாள் பாப்பா.

மாமியார் தலையைக் குனிந்தபடி, யார் என்று கையை மட்டும் ஆட்டிக் கேட்டார்.

பாப்பா அவசரப்படவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"அந்த மாப்பிள்ளை வீடுதான். இப்ப... வருத்தப்படுறாங்க போல."

மாமியாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆனாலும் அவர் முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மகளுக்கு ஊட்டும்போது சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒரு தரம் விழுங்கி, இன்னொரு தரம் விழுங்கி முடித்து, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து சிரித்தார்.